முசுறும் குளவியும்: ஒரு சிந்தனை

சமயப் பிரசங்கங்களிலே உவமைகளுக்குக் குறைவில்லை. கயிற்றையும் பாம்பையும், குடத்தையும் ஆகாயத்தையும், பளிங்கையும் அதன் பக்கத்தில் வைத்த பூவையும் எடுத்துக் காட்டாத பிரசங்கியார் இல்லை எனலாம். அவற்றுள் சைவ மக்கள் மனதில் மிக ஆழமாகப் பதிந்திருப்பது குளவியும் புழுவும் என்ற உவமையாகும். வடமொழியாளர் இதனைப் பிரமர கீட நியாயம் என்பர். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டில் வைத்து, அதனைக் கொட்டிக் கொட்டி ரீங்காரம் செய்துகொண்டிருக்கும். புழுவோ அந்தக் குளவியையே எண்ணிக் கிடக்கும். எண்ணி எண்ணி ஒருநாள் தானே குளவியாகிப் பறந்துவிடும். குருவை இடைவிடாது நினைக்கும் சீடனும் அவ்வாறே குருவின் தன்மையை அடைவான் என்பது அதன் பொருள். கேட்பதற்கு இனிமையானது. கோயில் மண்டபத்தில் இருந்து கேட்ட எத்தனையோ பேரை அது கண்கலங்க வைத்திருக்கின்றது.

கிராமத்துக் கோயில் ஒன்றில், கொடியேற்றத்துக்கு முந்திய வாரத்திலே, இரவுப் பிரசங்கத்தில் இதனைக் கேட்ட சிறுவன் ஒருவன் மறுநாட் காலை தொண்டர்களோடு சேர்ந்து வாகனசாலையைத் துப்புரவு செய்ய வந்தான். மயில் வாகனத்தின் கழுத்தின் கீழே பாக்களவில் இரண்டு மண்குடங்கள் ஒட்டியிருந்தன. ஒன்று காய்ந்து வெளிறியது, மற்றது புதியது. புதியதைக் குச்சியினால் உடைத்துப் பார்த்தான். உள்ளே பச்சைப் புழுக்கள் ஏழெட்டு, செத்தனவுமல்ல, ஊர்வனவுமல்ல, தொட்டால் மெல்ல நெளிந்தன. அவற்றுக்கு நடுவே காலில்லாத மஞ்சள் நிறக் குஞ்சு ஒன்று ஒரு புழுவின் வயிற்றில் வாயை வைத்திருந்தது. கொண்டுபோய் அங்கே நின்ற பெரியவரிடம் காட்டினான்.

“ஐயா, புழு குளவியா மாறேல்லை. குளவிக் குஞ்சு புழுவைத் தின்னுது.”

பெரியவர் பார்த்தார். “போய்க் கையைக் கழுவு” என்றார்.

அந்தப் பெரியவரைக் குறை சொல்ல முடியாது. திருவிழா வேலை தலைக்கு மேல் இருந்தது. ஆனால் சிறுவனின் கேள்வி கைகழுவி விடக்கூடியதன்று. உவமை பொய்யானால் அது தாங்கி நின்ற பொருளும் பொய்யாகுமா? அறத்தைப் பூச்சிகளிடமிருந்து படிக்கலாமா? இவை சிறு கேள்விகளல்ல. இதே பிரசங்கியார்கள் மற்றொரு பூச்சியையும் அடிக்கடி எடுத்துக் காட்டுவதுண்டு. ஒற்றுமைக்கு எறும்பைப் பாருங்கள் என்பார்கள். எனவே குளவியை மாத்திரம் விசாரிப்பது நீதியாகாது. எறும்பினங்களிலே கூட்டு வாழ்வில் தலைசிறந்ததான முசுற்றையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். வன்னிக் காட்டு மரங்களிலும் சரி, வளவு மாமரத்திலும் சரி, இரண்டும் ஒரே மரத்தில் வாழக்கூடியவை. ஆயினும் இவற்றைப்போல வேறுபட்ட இரு வாழ்க்கைகளைக் காண்பது அரிது.

முசுற்றைத் தெரியாதவர் கிராமத்தில் இல்லை. மாங்காய் ஆய ஏறியவர் ஏறிய வேகத்தைவிட விரைவாக இறங்கி வந்ததைக் கண்டு சிரிக்காதவரும் இல்லை. அதற்குக் கொடுக்குக் கிடையாது. கடித்த வாயிலே வயிற்றிலிருந்து அமிலத்தைப் பீச்சும், எரிவு அதனால்தான். மரத்திலே பச்சை இலைகளை ஒன்றோடொன்று தைத்துப் பந்துபோலக் கூடு கட்டும். ஒரு குடியிருப்புக்கு ஒரே ஓர் இராணி. ஆனால் அக்குடியிருப்பு பல மரங்களிலே நூற்றுக்கு மேற்பட்ட கூடுகளாகப் பரந்து, சில இலட்சம் முசுறுகளைக் கொண்டதாக வளரக்கூடியது. அவ்வளவு பேரும் அந்த இராணியின் பெண்மக்கள்.

அவை கூடு கட்டும் விதம் அதிசயமானது. இரண்டு இலைகளுக்கு இடையிலுள்ள தூரம் ஒரு முசுற்றுக்கு எட்டாதபோது, ஒன்றின் இடையை மற்றொன்று கவ்வி, அதன் இடையை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கும். பல சங்கிலிகள் சேர்ந்து இழுக்கும். தேர் வடத்தை ஊரார் இழுப்பது போலவே இருக்கும். விளிம்புகள் பொருந்தியதும் வேறு சில முசுறுகள் பழைய கூட்டுக்குப் போய்த் தங்கள் குஞ்சுப் புழுக்களை வாயில் தூக்கி வரும். நூல் நூற்கும் சக்தி பெரிய முசுறுகளுக்கு இல்லை, குஞ்சுகளுக்கே உண்டு. குஞ்சின் தலையை உணர்கொம்பினால் தட்டி, ஓர் இலை விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நெசவாளியின் நாடாவைப் போல அதனைக் கொண்டு போவதும் வருவதுமாக இருக்கும். குஞ்சின் வாயிலிருந்து வரும் பட்டு நூல் இலைகளை ஒட்டிவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சிங்கப்பூரிலும் இலங்கையிலும் இருந்த ஆய்வாளர்கள் இதனைக் கண்டு எழுதியபோது ஐரோப்பாவில் பலர் வியந்தனர். பல எறும்பினங்களின் குஞ்சுகள் தமக்கென்று கூட்டுறை பின்னி அதனுள் உறங்கும். முசுற்றுக் குஞ்சோ தன் நூல் முழுவதையும் ஊர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, உறையில்லாமல் வெறும் உடம்போடு கிடந்து வளர்கின்றது.

மற்றொரு செய்தியும் உண்டு. குடியிருப்பின் எல்லைப் புறத்திலே காவற்கூடுகள் சில இருக்கும். அவற்றில் இருப்பவை பெரும்பாலும் வயது முதிர்ந்த முசுறுகள் என்று அவுஸ்திரேலியாவில் ஆராய்ந்த பேட் ஹொல்டொப்லர் 1983இல் எழுதினார். பகை வந்தால் முதலில் விழுவன அவையே. மனிதர் யுத்தத்துக்கு இளைஞரை அனுப்புகின்றனர், முசுறுகளோ கிழவிகளை அனுப்புகின்றன. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் நிறைந்த நாட்டிலே இதனை வாசிப்பவர் சற்று நின்று பெருமூச்சு விடாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது.

இப்போது குளவியைப் பார்ப்போம். குளவிகளிலும் பல வகை. வீட்டு மூலைகளில் மண் அப்பி உள்ளே சிலந்திகளை அடைப்பது ஒருவகை. குடம் வனைவது வேறொரு வகை, உவமைக்குரியது இதுவே. இது தனி வாழ்க்கை வாழ்வது. இராணியுமில்லை, பணியாளுமில்லை. வாயில் நீர் எடுத்து வந்து மண்ணைக் குழைத்து, சிறு உருண்டைகளாகக் கொண்டுபோய், கழுத்தும் விளிம்பும் வைத்து ஒரு குடம் வனைகின்றது. குயவர் சக்கரம் வைத்துச் செய்வதை இது காலும் வாயும் கொண்டு செய்கின்றது. முதலில் ஒரு முட்டையை மெல்லிய நூலில் குடத்தின் முகட்டிலிருந்து தொங்கவிடும். பிறகுதான் வேட்டைக்குப் போகும். பச்சைப் புழுவைப் பிடித்துக் கொட்டும். நஞ்சினால் புழு அசைவொழியும், ஆனால் சாகாது. செத்தால் அழுகிவிடும் அல்லவா? குடம் நிறைந்ததும் வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடும். பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. தாய் உண்பதோ பூந்தேன். அந்தப் புழுக்களில் ஒன்றையும் அவள் தனக்கென்று தின்பதில்லை. தான் ஒருபோதும் காணாத பிள்ளைக்காகவே அத்தனை அலைச்சலும்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று சொல்லும் வழக்கம் தமிழர் மத்தியில் உண்டு. அதனால் கூட்டை உடைக்க விடமாட்டார்கள். உவமையை விட இந்த வழக்கம் உண்மைக்குக் கிட்டியது. குளவியைத் தாயாக அல்லவா அது கண்டது!

பிரான்சு தேசத்துப் பாடசாலை ஆசிரியராக இருந்த ஃபாப்ர் என்பவர் (1823-1915) இத்தகைய குளவிகளைப் பல ஆண்டுகள் வெயிலில் குந்தியிருந்து பார்த்து எழுதியவர். முட்டை ஏன் நூலில் தொங்குகின்றது என்பதற்கு அவர் காரணம் கண்டார். புழுக்கள் முற்றாக அசைவற்றவையல்ல. அவற்றின் நெளிவில் முட்டை நசுங்காதிருக்கவே தாய் அதனை உயரத்தில் தொங்கவிடுகின்றாள். எவ்வளவு கருணை, எவ்வளவு முன்யோசனை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவரே வெட்டுக்கிளியினத்துச் சில்லூறைப் பிடிக்கும் வேறொரு குளவியைச் சோதித்தார். அது இரையை வளை வாயிலில் வைத்துவிட்டு உள்ளே ஒருமுறை பார்த்து வருவது வழக்கம். அது உள்ளே போன நேரம் அவர் இரையைச் சற்று விலக்கி வைத்தார். வெளியே வந்த குளவி இரையை மீண்டும் வாயிலுக்கு இழுத்து வந்து, மீண்டும் உள்ளே பார்க்கப் போனது. அவர் மீண்டும் விலக்கினார். இப்படி நாற்பது தடவை. நாற்பது தடவையும் அது அதையே செய்தது. இரண்டு தடவை பார்த்தாயிற்றே, இனி நேரே இழுத்துப் போவோம் என்று அதற்குத் தோன்றவில்லை.

இங்கேதான் கேள்வியின் முடிச்சு இருக்கின்றது. முன்யோசனை போலத் தெரிந்தது யோசனையே அல்ல. குளவிக்கு வேறு வழி தெரியாது. முசுற்றுக்கும் அவ்வாறே. குஞ்சின் நூலை எடுக்கலாமா என்று அது கேட்டதில்லை, கொடுக்கலாமா என்று குஞ்சும் கேட்டதில்லை. ஏனைய பிறவிகள் பிராரத்தத்தை நுகர்வதற்கே, புதிய வினையை அறிந்து ஈட்டுவது மானிடப் பிறவி மாத்திரமே என்பது சைவர் மத்தியில் வழங்கும் கருத்தாகும். அப்படியாயின் முசுற்றின் ஒற்றுமை புண்ணியமுமல்ல, குளவியின் கொலை பாவமுமல்ல. ஒன்றைப் புகழ்ந்து மற்றதை வெறுப்பதற்கு நியாயம் இல்லை.

தேர்வடத்தையும் முசுற்றுச் சங்கிலியையும் ஒன்றென்று மேலே கூறப்பட்டது. கண்ணுக்கு மாத்திரமே அது ஒன்று. வடம் பிடிக்க வந்தவர் வராமலும் இருந்திருக்கலாம். முதுகு நோகிறது என்று வீட்டில் படுத்திருக்கலாம். அதையும் மீறி வந்தாரே, அதுதான் தொண்டு. ஊரார் என்ன சொல்வார்களோ என்று பயந்து வருபவரும் உண்டு, உபயகாரரின் முகத்துக்காக வருபவரும் உண்டு. அவர்களையும் தள்ளிவிட வேண்டியதில்லை. பயத்தில் பிடித்த வடம் பாதி வீதியில் பக்தியாக மாறியதும் உண்டு. முசுற்றிடம் அந்த மாற்றம் நிகழாது.

அன்றியும் முசுற்றின் ஒற்றுமையை முழுவதும் பார்க்க வேண்டும். அது மணத்தினால் ஆனது. தன் கூட்டு மணம் உள்ளவன் உறவு. அடுத்த மரத்து முசுறு அதே இனம், அதே நிறம், அதே தொழில், ஆனால் மணம் வேறு. எல்லையில் சந்தித்தால் காலைக் கவ்விப் பல திசையிலும் இழுத்துப் பிய்த்துவிடும். உள்ளே எவ்வளவு ஒற்றுமையோ வெளியே அவ்வளவு கொடுமை, இரண்டும் ஒரே குணத்தின் இரு பக்கங்கள். 1968இல் யாழ்ப்பாணத்துக் கோயில் வாசலிலே, உள்ளே வரலாம், வரக்கூடாது என்று நடந்தவற்றைக் கண்ட முதியவர்கள் இன்றும் இருக்கின்றனர். அன்று வாசலை மறித்து நின்றவர்களிடமும் ஒற்றுமைக்குக் குறைவிருக்கவில்லை. எறும்பைப் பார்த்து ஒற்றுமை படியுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்பவர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மனிதன் முசுற்றைப் பயன்படுத்தியது பழைய கதை. கி.பி. 304ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டதாகக் கூறப்படும் சீன நூலொன்று, தோடை இன மரங்களைப் பூச்சிகளிலிருந்து காப்பதற்கு இவ்வெறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றதைக் கூறுகின்றது. இலங்கையிலும் கோப்பிக் காலத்தில் தோட்டத்துரைமார் கோப்பிச் செடியைப் பிடித்த செதிற்பூச்சியை ஒழிக்க முசுற்றைக் கொண்டுவந்து விட்டதாக எமர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார். ஆனால் மேலாடையின்றி வேலை செய்த தமிழ்க் கூலியாட்களை அது கடித்த கடியில் அவர்கள் தோட்டத்தில் நிற்கவே முடியாதிருந்ததாம். செடியைக் காக்க வந்தது செடிக்கு உழைத்தவனைக் கடித்தது. யாரைக் கடிக்கலாம், யாரைக் கடிக்கக்கூடாது என்று அதற்குத் தெரியுமா? விட்டவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனிக் குளவியின் கொடுமை பற்றி. சார்ள்ஸ் டார்வின் 1860ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் திகதி அமெரிக்கத் தாவரவியலாளரான அசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடிருக்கும் புழுவின் உடலுக்குள் இருந்து அதனைத் தின்று வளரும் குளவியினத்தைக் கருணையும் எல்லாம் வல்ல தன்மையும் உடைய கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம் மனதை நம்பவைக்க முடியவில்லை என்று எழுதினார். அவர் எள்ளி நகையாடி எழுதியவரல்லர், வருந்தி எழுதியவர். மூத்த மகள் ஆனியைப் பத்து வயதிலே, 1851இல், நோய்க்குப் பறிகொடுத்த தகப்பன் அவர். இத்தகைய கேள்விக்கு, எல்லாம் வினைப்பயன் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு எழும்பிப் போவது சைவத்துக்கும் அழகன்று. புழுவுக்கு என்ன வினை என்று சிறுவன் கேட்டால் அடுத்த சொல் என்ன? இவ்வளவு மாத்திரம் சொல்லலாம். புழு துன்புறுகிறதே என்று துடித்தது புழுவுமல்ல, குளவியுமல்ல. எங்கோ இருந்த ஒரு மனிதன். அந்த இரக்கம் மரத்திலே எந்தப் பூச்சியிடத்தும் இருந்து அவன் படித்ததல்ல.

உவமை எப்படிப் பிழைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெரியோர் பொய் சொல்லவில்லை. குடத்துக்குள்ளே புழு போனதைக் கண்டார்கள். சில கிழமைகளின் பின் குடத்திலிருந்து குளவி வந்ததைக் கண்டார்கள். இரண்டும் காட்சி. புழுவே குளவியாயிற்று என்பது கருதல். முட்டை ஒன்று உள்ளே தொங்கியது கண்ணில் படாமையினால் கருதல் பிழைத்தது. சித்தாந்தத்திலே காட்சி, கருதல், உரை என்று அளவை வகுத்து, அவற்றிலே போலிகளும் உண்டு என்று பிரித்துக் காட்டியவர்களின் வழிவந்தவர்கள், இதனைப் போலி என்று ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. சிறுவன் குச்சியால் செய்தது அளவை நூலுக்கு ஏற்ற காரியமே. உவமை என்பது ஒரு புடையிலே ஒத்தாற் போதும் என்பதும் உரையாசிரியர்கள் கூறியதுதான். குருவை நினைந்து சீடன் உயர்வது அனுபவத்தினால் நிற்கின்றது, குளவியினால் அல்ல.

ஆனால் இதனோடு விட்டுவிட முடியாத ஒன்று உண்டு. அந்த உவமை புழுவுக்குச் சொல்லும் புத்தி, அசையாமல் கிட, கேள்வி கேளாதே, கொட்டுவதையும் பொறுத்துக்கொள் என்பதாகும். அப்படிக் கிடந்த புழுவுக்கு உண்மையில் நேர்ந்ததை வாகனசாலையில் சிறுவன் கண்டான். நல்ல குருமார் இருந்தனர், இருக்கின்றனர். அதே வேளை காவி உடுத்து ஊருக்குள் வந்து, வீட்டுப் பெண்களின் காப்பும் சங்கிலியும் காணாமற் போகும்வரை இருந்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அடியார்கள் அசையாமற் கிடந்ததனாலேயே அது முடிந்தது. சொத்தைப் பொலிசில் முறையிட்டுப் பெறலாம், அதற்குப் பிறகு அந்த வீட்டார் எந்தக் கோயில் வாசலையும் மிதிப்பதில்லை. இந்த உவமையைச் சொல்லும் பிரசங்கியார் குடத்துக்குள் உள்ளதையும் சேர்த்துச் சொன்னால் பிரசங்கம் கெட்டுப்போகாது. மாற்றத்துக்கு உவமை வேண்டுமாயின் கறிவேப்பிலைச் செடியிலே ஊரும் புழு இருக்கின்றது. அது யாரும் கொட்டாமலே உறங்கி வண்ணத்துப்பூச்சியாகின்றது. அதில் குருவுக்கு இடமில்லையே என்று கேட்டால், அந்தச் செடியைத் தேடி அதில் முட்டையிட்ட தாயைக் காட்டலாம்.

அந்தக் கோயிலிலே அன்று பின்னேரம் பெரியவர் சிறுவனைக் கூப்பிட்டு, மயிலின் கழுத்தடியில் மிஞ்சியிருந்த வெளிறிய குடத்தை உடைக்க வேண்டாம் என்றார். வர்ணம் பூச வந்தவரிடமும் அந்த இடத்தை விட்டுப் பூசச் சொன்னார். வீதியோரத்து வில்வமரத்தில் முசுறு பிடித்திருந்தது. அர்ச்சனைக்கு இலை ஆய முடியவில்லை, பந்தம் பிடித்துக் கொளுத்துவோம் என்று இளைஞர் சிலர் கூறினர். கூடு இருந்தது கிழக்குக் கொப்பில். மேற்குக் கொப்பில் ஏணி வைத்து ஆயலாம் என்று முடிவாயிற்று. ஆய்ந்தவருக்கு அங்கும் இரண்டு கடி விழுந்தது.

ஆறாந் திருவிழாவன்று மயில் வாகனத்தை வெளியே எடுத்தபோது குடத்தின் பக்கத்திலே மிளகளவில் ஒரு துவாரம் இருந்தது. சாத்துப்படி தொடங்க முன் சிறுவன் அதனுள்ளே கைவிளக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்தான். காய்ந்த புழுத்தோல்கள் கிடந்தன. பெரியவரும் குனிந்து பார்த்தார்.